சாயங்காலம் வீடு திரும்பும் படகு

வியாழக்கிழமை காலையில் இங்கே கூட்டம் இருப்பதில்லை. செருப்பு விடவும் இடம் தேட வேண்டாம், பின்னால் நிற்பவர்கள் முதுகில் கை வைத்துத் தள்ளுவதும் கிடையாது. உங்களிடம் நிதானமாகப் பேசத் தோதான நாள் என்றுதான் இன்றைக்கு வந்தேன்.

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வழியில்லை. என் வீட்டுக்காரருக்கும் அதே பெயர்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை என் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட, "மணவாளநல்லூர் கோயில்ல இருக்கறவரு பேரு" என்பேன், எழுதிக்கொள்வார்கள். ஆகவே சாமி என்றே கூப்பிடுகிறேன். நான் அமிர்தம்.

போன வாரம் அவர் இங்கே ஒரு பிராது கட்டிவிட்டுப் போனார். மற்ற ஊர்க்காரர்கள் அநியாயம் நடந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்கள். நாங்கள் காகிதத்தில் எழுதி உங்கள் முன்னால் வைத்து, பிறகு முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. அதனால்தான் சொல்ல வந்தேன்: அந்தப் பிராதில் எதிரியின் பெயர் தப்பாக இருக்கிறது.

எழுதியவள் நான்தான். இப்போதெல்லாம் அவர் எதையும் என்னை எழுதச் சொல்கிறார். "என் ஞாபகத்தையும் கையளவையும் எடுத்துட்டவங்க யாரா இருந்தாலும் திருப்பிக் குடுக்கணும்னு எழுது அமுர்தம்" என்றார். எழுதினேன். எதிரி பெயர் என்ன போடட்டும் என்று கேட்டேன். "வேற யாரு, வயசுதான். வயசுன்னு போடு" என்றார். வயசு என்று போட்டேன். தெரிந்தே ஒரு தப்பான பெயரைச் சாமியிடம் எழுதிக் கொடுப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கேட்ட பிறகு பிராதைத் தள்ளுபடி செய்வதுதான் நியாயம் என்று உங்களுக்கே படும்.

செராமிக் எஸ்டேட்டில் எங்களுக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. ஃபியூஸ் கட்டை, கரண்ட் கம்பத்துப் பீங்கான், கொலு சமயத்தில் பொம்மை. அவர் அச்சு செய்கிறவர், கையளவு தப்பாதவர். மண் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. ஈர மண் காயும்போது சுருங்கும், சூளையில் வெந்ததும் இன்னும் சுருங்கும். அதனால் அச்சைக் கொஞ்சம் பெரிதாகவே செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதற்காக எங்கள் யூனிட்டில் ஒரு நீள மர ஸ்கேல் இருக்கிறது. அதில் ஒரு அடி என்று கோடு போட்டிருப்பது நிஜ அடியைவிட ஒரு அங்குலத்துக்குச் சற்று மேலேயே நீளம். மண் ஸ்கேல் என்போம். பக்கத்து ஆணியில் சாதா ஸ்கேல் தொங்கும். இரண்டும் ஒரே மரம், ஒரே நிறம். அடையாளத்துக்கு மண் ஸ்கேலின் முனையில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. இரண்டையும் மாற்றி எடுத்தவன் எவனாக இருந்தாலும் அன்றோடு அவனுக்கு அச்சுப் பக்கம் வேலை கிடையாது. என் வீட்டுக்காரர் அந்த விஷயத்தில் தயவுதாட்சண்யம் பார்த்ததே இல்லை.

அவர் குனிந்து வேலை செய்யும்போது கையைப் பின்னால் நீட்டுவார். திரும்பிப் பார்க்க மாட்டார், என்ன வேண்டும் என்று சொல்லவும் மாட்டார். வைக்க வேண்டியதை நான் அந்தக் கையில் வைப்பேன். முப்பது வருஷமாக அப்படித்தான். ஒரு நாளும் நான் தப்பாக எதையும் வைத்ததில்லை.

இப்படிப்பட்டவருக்குப் படகு ஆசை வந்தது. எங்கள் மணிமுத்தாற்றில் வருஷத்தில் பாதி நாள் கிரிக்கெட் விளையாடலாம், அவ்வளவு தண்ணீர். அந்த ஊரில் பிறந்தவர், புதுச்சேரியில் மகள் பிரபா வீட்டுக்குப் போன இடத்தில், ஆற்றில் ஒரு படகு போவதைப் பார்த்திருக்கிறார். உள்ளே அறை, ஜன்னல், ஜன்னலுக்குத் திரை. திரும்பி வந்து, "வூடு மாரியே இருக்குது அமுர்தம். ஆனா நவுருது" என்றார். அன்றைக்குச் சோற்றில் ரசத்துக்குப் பதில் மோரை ஊற்றிக்கொண்டு அது ரசம் என்றே சாப்பிட்டார்.

புதுப் படகு வாங்க நாங்கள் என்ன ஜமீனா? பழைய படகுகளை விற்றுக் கொடுக்கிற சக்கரபாணி என்கிற புரோக்கர் இரண்டைக் காட்டினார். ஒன்றுக்கு நீலப் பட்டை, இன்னொன்று முழு வெள்ளை. காக்பிட், கேபின் என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு அவர் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார். காக்பிட் என்றால் பிளேனில் இருப்பதுபோல மூடின அறை இல்லையாம். படகின் பின்பாதியில் திறந்த இடம், ஸ்டியரிங்கும் பெஞ்சும் அங்கே. கேபின் என்றால் முன்பாதியில் படுக்கிற அறை. இரண்டு படகும் நீளத்தில் ஒன்றுதான். ஆகவே ஒன்றைப் பெருக்கினால் மற்றது சிறுக்கும். வீட்டில் ஹாலை இழுத்துக் கட்டினால் சமையல்கட்டு ஒடுங்கிப்போகும் அல்லவா, அந்தக் கதைதான்.

நீலப் படகில் கேபின் பெரிது. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். கால் நீட்டிப் படுக்க இரண்டு பக்கமும் மெத்தைப் பலகை, ஒரு அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, கதவு வைத்த கக்கூஸ். ஆனால் பின்னால் காக்பிட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்காலும் முழங்காலும் இடிக்கும். வெள்ளைப் படகு அதற்கு நேர்மாறு. காக்பிட்டில் ஒரு கல்யாணப் பந்தியையே உட்கார வைக்கலாம். கேபினுக்குள் தவழ்ந்துதான் போக வேண்டும். மூக்குப் பக்கம் முக்கோணமாக இரண்டு படுக்கை, இரண்டு பேரின் பாதமும் ஒரே இடத்தில் முட்டும். கக்கூஸ் எங்கே என்று கேட்டேன். சக்கரபாணி ஒரு மெத்தையைத் தூக்கிக் காட்டினார். ஒருத்தர் எழுந்தால்தான் இன்னொருத்தர் போக முடியும்.

என் வீட்டுக்காரர் மனம் நீலத்தில்தான் இருந்தது. "ஒனக்காவத்தான் பாக்கறேன். கழுவற தொட்டியெல்லாம் வச்சிருக்கான் பாரு" என்றார். வருஷத்தில் ஆறு மாதம் படகிலேயே இருப்பதாம். புதுச்சேரியில் கிளம்பிப் பரங்கிப்பேட்டை, அங்கிருந்து நாகப்பட்டினம், நானும் அவரும். எனக்கு வீட்டில் ஒரு அடுப்பு இருக்கிறது, யூனிட்டில் ஒரு டீ அடுப்பு, பிரபா வீட்டுக்குப் போனால் அங்கே ஒன்று. நாலாவது அடுப்பு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் வருத்தப்படுவார். அவரை வருத்தப்பட வைக்கிற புத்தி எனக்கு என்றைக்குமே கிடையாது.

தனியாகப் போகட்டும் என்று விடவும் மனம் வரவில்லை. நீலப் படகில் தனியாகப் போனால் அங்கேயே தூங்குவார், அங்கேயே எழுவார், நான் எதற்கு? யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தோன்றியது. படுக்க முடியாத படகாக இருந்தால் மனுஷன் சாயங்காலம் வீடு திரும்பித்தானே ஆக வேண்டும். பகலெல்லாம் கடலில் சுற்றட்டும், பொழுது சாய்ந்தால் என் சோறு. அவர் ஆசையும் கெடவில்லை, என் வீடும் கெடவில்லை. இதைவிட நல்ல ஏற்பாட்டை யார் செய்துவிட முடியும்?

இரண்டு கேபினுக்குள்ளும் பழைய வலையும் டின்னும் அடைத்து வைத்திருந்தார்கள். டேப் வைத்து அளக்க முடிந்தது, படுத்துப் பார்க்க முடியவில்லை. அளவைக் குறித்துக்கொண்டு வந்தோம். ஆனால் அவர் எண்ணை நம்புகிறவர் இல்லை. "காயிதத்துல என்னா தெரியும், ஒடம்பக் கொண்டுபோயி வச்சுப் பாக்கணும்" என்பார். எந்தப் புதுச் சாமான் என்றாலும் முழு அளவில் தரையில் வரைந்து பார்த்த பிறகுதான் மண்ணைத் தொடுவார். படகையும் அப்படியே செய்தார். தன் உயரம் எத்தனை அடி என்று அவருக்குத் தெரியாது. போலீஸ் வேலைக்குப் போகிறவர்களைத் தவிர எங்கள் ஊரில் யார் அதை அளந்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை, ஆட்களுக்கு லீவு. யூனிட்டில் சாமான் காய வைக்கிற சிமெண்டுக் களத்தில் சாக்பீஸால் காலையில் நீலப் படகை வரைந்தார். நான் அளவைப் படித்தேன், கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் சரியான அளவு. வரைந்து முடித்ததும் கோட்டுக்குள் நடந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், கற்பனைக் கதவைத் திறந்து கக்கூஸுக்குள் போய் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். காக்பிட்டில் உட்கார்ந்தபோது மட்டும் முகம் சுருங்கியது. மீன் பிடிக்க இடம் போதாதே என்றார்.

டீ குடித்த பிறகு, நீலத்தை அழித்துவிட்டு வெள்ளைப் படகு. குனிந்தபடி கையைப் பின்னால் நீட்டினார். அதற்குள் நான் மண் ஸ்கேலின் சிவப்புப் பொட்டில் அச்சு வார்க்கிற பிளாஸ்டர் பொடியைத் தடவி வைத்திருந்தேன். அந்தக் கையில் அதை வைத்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

வெள்ளைப் படகு எல்லாப் பக்கமும் வளர்ந்துவிட்டது. முக்கோணப் படுக்கையில் படுத்துக் காலை நீட்டினார், நீட்டிய பிறகும் இடம் மிச்சம். "அட, இதுவே போதும் போலருக்குதே. வா, நீயும் வந்து படு" என்றார். கோட்டைத் தாண்டக் கூடாது, வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று கண்டிஷன் வேறு. தவழ்ந்து உள்ளே போய் நானும் பக்கத்தில் படுத்தேன். மேலே வானம் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பட்டப்பகலில் நாங்கள் இப்படி மல்லாந்து கிடந்ததில்லை. என் பாதத்தைத் தன் பாதத்தால் இடித்துவிட்டு, "இடிக்குதா?" என்று கேட்டார். சந்தோஷமாக இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. உண்மையை அப்போதே சொல்லியிருப்பேன். சாக்பீஸ் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்துவிட்டது, பேச்சு அப்படியே போய்விட்டது.

மறுநாள் காலையில் களத்தைக் கழுவிவிட்டேன். திங்கட்கிழமை எப்போதும் கழுவுகிறதுதான்.

வெள்ளைப் படகை வாங்கினோம். முதல் நாள் பிரபா, மருமகன், பேரப்பிள்ளை எல்லோரும் ஏறினோம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து நின்ற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் சாயறேன்" என்று கேபினுக்குள் தவழ்ந்தார். தலை ஒரு பக்கம் இடித்தது. கால் பக்கம் நகர்ந்தார், முழங்கால் மடங்கிக்கொண்டது. பக்கவாட்டில் திரும்பினார், தோள் நுழையவில்லை. பிரபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுவரைக்கும் இது சிரிக்கிற விஷயம்தான் சாமி, யானைமுகத்து உங்கள் அண்ணன்கூடச் சிரித்திருப்பார்.

அவர் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்து அளந்தார். குறித்து வைத்த அளவுதான் வந்தது. பஸ்ஸில் ஊர் வரும்வரை அந்த டேப்பைக் கையிலேயே வைத்திருந்தார். வீட்டுக்குப் போகாமல் நேரே யூனிட்டுக்குப் போய், இரண்டு ஸ்கேலையும் ஆணியிலிருந்து கழற்றி ஒன்றாக வைத்துப் பார்த்தார். பொட்டில் பிளாஸ்டர் எதுவும் இல்லை, நான் அன்றைக்கே துடைத்துவிட்டிருந்தேன்.

"மண்ணு ஸ்கேல்ல போட்டிருக்குது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். சந்தேகமாகப் பார்க்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் பார்த்தார். "நீயா எடுத்துக் குடுத்த?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாள் சண்டை, மிஞ்சினால் இரண்டு நாள். நான் சொன்னது இதுதான்: "நான் எங்க குடுத்தேன்? நீங்களேதான போயி செவுத்துலேர்ந்து எடுத்தாந்தீங்க."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஞாபகமே இல்லியே அமுர்தம்" என்றார்.

"பரவால்ல வுடுங்க. வயசாவுதில்ல" என்றேன்.

என் குற்றம் என்று ஏதாவது உண்டென்றால் இவ்வளவுதான். மீதியை அவரே செய்துகொண்டார். அன்று ராத்திரி சமையல் கேஸை மூடியாயிற்றா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். அடுத்த நாள் ஒரு அச்சுக்கு அளவு எடுத்துவிட்டு, சரியா என்று என்னிடம் காட்டினார். என்னிடம். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொன்னார். எதிர்த்துப் பேசுவதில்லை, வெளியே போனால் எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தார். இத்தனை வருஷம் இந்த மனுஷன் எங்கே ஒளிந்திருந்தார் என்று எனக்கு ஆச்சரியம்.

நல்லது ஒன்று கையில் வந்த பிறகு அதைப் பேணுவது பெண்களின் கடமை. ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டுவார், நான் எடுத்து ஃபிரிட்ஜ் மேலே வைப்பேன். மூக்குக் கண்ணாடி அரிசி டப்பா பக்கத்தில் கிடக்கும். சொல்லாததைச் சொன்னீர்கள் என்பேன், சொன்னதை எப்போது சொன்னீர்கள் என்பேன். சின்னச் சின்ன விஷயம். ஒரு நாள் பிரஷர் மாத்திரை போட்டாயிற்று என்றேன், அவர் போட்டிருக்கவில்லை. அன்று மாலை தலை சுற்றிச் சரிந்தார், நான்தான் தாங்கிப் பிடித்தேன். பிடிக்கப் பக்கத்தில் நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் செய்தேன். இல்லாவிட்டால் செய்திருப்பேனா?

படகைச் சக்கரபாணியே விற்றுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, "அண்ணன் கையளவுக்கே இப்படி ஆவும்னு யாரு நெனச்சா அண்ணி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவருக்குக் காபி கொடுத்தேன். பிரபா அப்பாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். படம் எடுத்துப் பார்த்ததில் மூளையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். இவரோ தான் மறந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் டாக்டரிடம் ஒப்பித்தார். நான் அவருக்குச் சொன்னது அத்தனையும் நினைவில் இருந்தது. இப்போது அச்சு வேலையை விட்டுவிட்டார். ஆட்கள் எதைக் கேட்டாலும் "அமுர்தத்தக் கேளு" என்கிறார். பாலக்கரையில் ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

பிராது கட்டிய அன்று அவர் உங்களிடம் வாய்விட்டு வேண்டிக்கொண்டதைக் கேட்டிருப்பீர்கள். "எனக்குப் போனாலும் பரவால்ல சாமி, அமுர்தத்துக்கு நான் பாரமா ஆயிடக்கூடாது" என்றார். பாரமாவது ஒன்றாவது. என் வாழ்க்கையிலேயே இந்த நாலு மாதம் போல் நான் நிம்மதியாக இருந்ததில்லை.

உங்கள் தீர்ப்பு நடக்க ஆரம்பித்துவிட்டதோ என்று எனக்கு முந்தாநாள் பயம் வந்தது. யூனிட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர், ஆணியில் தொங்கிய ஸ்கேலைத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இது மண்ணு ஸ்கேலு" என்றார். கண்ணைத் திறக்காமலேயே, "தொட்டாலே தெரியுது. இத நானா தெரியாம எடுத்திருப்பேன்?" என்று கேட்டார்.

"எடுத்தீங்களே" என்றேன்.

"ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்களே நியாயத்தைப் பாருங்கள். தொலைந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். அவருக்கு எதுவுமே தொலையவில்லை, டாக்டரே சொல்லிவிட்டார். தொலையாத பொருளை எங்கிருந்து எடுத்து யாரிடம் கொடுப்பீர்கள்? பிராது செல்லாது. எதிரியின் பெயரும் தப்பு. வயசின் மேல் என்ன குற்றம் இருக்கிறது? நான் செய்தேன். ஸ்கேலை மாற்றிக் கொடுத்தது நான், அவரேதான் எடுத்தார் என்று சொன்னது நான், சாவி, கண்ணாடி, மாத்திரை எல்லாம் நான். அவரை இவ்வளவு பத்திரமாக வேறு யார் பார்த்துக்கொள்வார்கள்?

கட்டியவரே வந்து சொன்னால்தான் பிராதை வாபஸ் வாங்க முடியும் என்று ஆபீஸில் சொன்னார்கள். அதனால் கையோடு கூட்டி வந்திருக்கிறேன், வெளியே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது உள்ளே வருவார். எனக்கு ஒரு குறையும் இல்லை சாமி, அமுர்தம் என்னை நன்றாக வைத்திருக்கிறாள் என்பார். மனப்பூர்வமாகத்தான் சொல்வார், காலையிலிருந்து நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.